காய்ச்சலின் நாட்கணக்கு

2006ஆம் ஆண்டு முடிகிற நேரத்தில் கல்முனைக் கரையோரத்தில் ஒரு காய்ச்சல் வீடு வீடாக ஏறி இறங்கியது. சுனாமி அடித்து இரண்டு வருடம். கட்டி முடியாத வீடுகளும் தற்காலிகக் கொட்டில்களும் இன்னும் இருந்தன. மாரி மழை வந்து, திறந்து கிடந்த ஏனங்களில் எல்லாம் தண்ணீர் தேங்கியது. காய்ச்சல் மூன்று நான்கு நாளில் விட்டது. மூட்டு நோவு விடவில்லை. கைவிரல் மடங்காது, முழங்கால் நீளாது. நிலத்தில் தொழுது பழகிய பெரியவர்கள் மாதக்கணக்கில் கதிரையில் இருந்து தொழுதார்கள்.

அது சிக்குன்குன்யா. 1960களுக்குப் பிறகு ஏறத்தாழ நாற்பது வருடம் இலங்கையில் பேச்சே இல்லாமல் இருந்த வைரஸ். அந்த மாரியில் அது பெருவாரியாகப் பரவிய இடங்களாக யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, புத்தளம், கொழும்பு ஆகியவற்றோடு கல்முனையும் பதிவாகியிருக்கிறது. நாடு முழுவதும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது.

டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்புதான் இதையும் பரப்புகிறது. முதல் மூன்று நாளில் இரண்டு நோயையும் பிரித்தறிவது கடினம்: திடீர்க் காய்ச்சல், தலையிடி, உடம்பு உளைவு, சில வேளை தோலில் சிவப்புத் தடிப்பு. சிக்குன்குன்யா ஆளை முடக்கிப் போடும், அரிதாகவே கொல்லும். டெங்குவோ நாலாம் ஐந்தாம் நாளில், காய்ச்சல் இறங்கிப் பிள்ளைக்குச் சுகம் வந்துவிட்டது என்று உம்மா நிம்மதிப்படுகிற நேரத்தில், இரத்தக் குழாய்களில் இருந்து நீரைக் கசியவிட்டு உயிருக்கே உலை வைக்கும். எது என்று தெரிந்தாக வேண்டும். தெரிந்துகொள்ள அன்று பெரும்பாலும் கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத்தான் நம்பியிருக்க வேண்டியிருந்தது. கல்முனையில் இருந்து முன்னூறு கிலோமீற்றருக்கு மேல். யுத்தம் மறுபடி மூண்டிருந்த வருடம். குளிர்ப்பெட்டியில் வைத்த இரத்தம் சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் போய், சோதனை முடிந்து, பதில் கடிதமாகத் திரும்பும்போது நோயாளி ஒன்றில் சுகமாகி வேலைக்குப் போயிருப்பார், அல்லது அந்தப் பதில் அவருக்குத் தேவைப்படாமலே போயிருக்கும்.

விரைவுப் பரிசோதனை என்று இன்று எல்லோரும் பேசுகிறோம். பெட்டியில் ‘15 நிமிடம்’ என்று அச்சடித்திருக்கிறது. என் கணக்கில் விரைவை ஆய்வுகூடக் கடிகாரத்தில் அளந்து பயனில்லை. காய்ச்சல் தொடங்கிய மணித்தியாலத்தில் இருந்து, அந்த நோயாளியைப் பற்றி ஒரு சரியான முடிவு எடுக்கப்படும் மணித்தியாலம் வரை அளக்க வேண்டும். அப்படி அளந்தால் பதினைந்து நிமிடச் சோதனையும் சில வேளை மூன்று நாள் பிந்திவிடுகிறது.

வைரஸைக் கண்டறியும் பழைய வழி அதை வளர்ப்பது. பக்டீரியாவைப் போல அகார்த் தட்டில் வைரஸ் வளராது. அதற்கு உயிருள்ள கலம் வேண்டும். 1943இல் நாகசாகியில் ரென் கிமுராவும் சுசுமு ஹொட்டாவும் டெங்கு நோயாளிகளின் இரத்தத்தைப் பால்குடிச் சுண்டெலிக் குஞ்சுகளின் மூளைக்குள் செலுத்தித்தான் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு 1967இல் நம் பக்கத்திலேயே, புனேயில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்தில், கே.ஆர்.பி. சிங் என்ற அறிவியலாளர் ஈடிஸ் அல்போபிக்டஸ் நுளம்பின் குடம்பிகளில் இருந்து எடுத்த கலங்களைக் குடுவையில் தொடர்ந்து பெருகச் செய்தார். அந்த வழியில் வந்த சி6/36 என்ற கலவரிசையில்தான் இன்றைக்கும் உலகத்து ஆய்வுகூடங்கள் டெங்குவையும் சிக்குன்குன்யாவையும் வளர்க்கின்றன. தெற்காசியாவில் ஒருவர் செய்து உலகமே கையாளும் இந்தக் காரியம் நம் பாடப்புத்தகங்களில் இடம்பெற வேண்டியது. ஆனால் வளர்ப்புக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் எடுக்கும்.

மற்ற வழி, உடம்பு வைரஸுக்கு எதிராக உண்டாக்கும் பிறபொருளெதிரியைத் தேடுவது. பழைய முறையில் இரண்டு முறை இரத்தம் எடுக்க வேண்டும்: காய்ச்சலின் தொடக்கத்தில் ஒன்று, பத்து நாள் அளவு கழித்து மற்றொன்று. இரண்டாவதில் பிறபொருளெதிரி நான்கு மடங்காவது ஏறியிருந்தால் நோய் உறுதி. இலங்கையில் டெங்கு இருப்பது 1962இல் குருதிநீர்ச் சோதனையால்தான் உறுதியானது. நோய் நாட்டில் இருக்கிறதா என்று அறிய இந்த வழி போதும். வார்ட்டில் சேலைன் ஏற்றலாமா என்று யோசிக்கும் வைத்தியருக்கு அது உதவாது.

1971இல் ஸ்டொக்ஹோமில் ஈவா எங்வாலும் பீற்றர் பெர்ல்மனும் எலிசா என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். பிறபொருளெதிரியோடு ஒரு நொதியத்தை இணைத்துவிட்டால், அது ஒட்டிய இடத்தில் நிறம் மாறும். நிறத்தின் அடர்த்தியை அளந்தால் அளவு தெரியும். இதனால் புதுத் தொற்றில் முதலில் வரும் ஐஜிஎம் வகையை ஒரேயொரு இரத்த மாதிரியில் பிடிக்க முடிந்தது. இருந்தும் ஐஜிஎம் சோம்பேறி. டெங்குவில் ஐந்தாம் நாள் வரை காத்திருந்தால்தான் நூறு பேரில் எண்பது பேரிடம் அது தென்படும். பத்தாம் நாளில் ஏறத்தாழ எல்லோரிடமும் இருக்கும். மூன்றாம் நாள் இரத்தத்தில் ஐஜிஎம் இல்லை என்று வந்தால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. வந்த பிறகோ இரண்டு மூன்று மாதம் போகாது. போன மாதக் காய்ச்சலை இந்த மாதக் காய்ச்சலாகக் காட்டிவிடும்.

தொற்றிய கலங்கள் என்எஸ்1 என்ற ஒரு புரதத்தை இரத்தத்துக்குள் ஏராளமாகக் கொட்டுகின்றன என்ற அறிவுதான் டெங்குவில் பெரிய திருப்பத்தைக் கொடுத்தது. அது வைரஸ் துகளின் அங்கம் அல்ல. கலத்துக்குள் வைரஸ் தன்னைப் படியெடுக்க உதவும் வேலையாள். உடம்பு எதிர்வினை காட்டும் வரை காத்திருக்கத் தேவையில்லை, காய்ச்சலின் முதல் நாளே அது இரத்தத்தில் இருக்கும். அதைப் பிடிக்கும் எலிசாவை 2000இல் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் போல் யங் குழுவினர் வெளியிட்டார்கள். சில வருடத்தில் அது எலிசாத் தட்டில் இருந்து ஒரு பிளாஸ்டிக் பட்டைக்குள் இறங்கி, கல்முனையில் தனியார் லேப்களின் மேசை வரை வந்துவிட்டது.

அந்தப் பட்டைக்குள் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். குழியில் ஒரு சொட்டு இரத்தம், அதன்மேல் சில சொட்டுக் கரைசல். உள்ளே நைட்ரோசெலுலோஸ் தாள். விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோலத் திரவம் அதன் நுண்துளைகள் வழியாகத் தானே நகர்கிறது. மின்சாரமும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். வழியில் ஒரு திண்டில் காய்ந்த நிலையில் தங்கத்தின் நுண்துகள்கள் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் என்எஸ்1ஐப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரி ஒட்டப்பட்டிருக்கிறது. அவ்வளவு சிறிய துகளாகும்போது தங்கம் மஞ்சளாக இராது, செந்நிறமாகத் தெரியும். இரத்தத்தில் என்எஸ்1 இருந்தால் துகள்கள் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகின்றன. ‘ரீ’ என்று குறித்த இடத்தில் வேறொரு பிறபொருளெதிரி ஒரு கோடாகத் தாளில் பதிக்கப்பட்டிருக்கிறது. அது என்எஸ்1இன் மறுபக்கத்தைப் பிடிக்கும். நடுவில் என்எஸ்1, ஒருபுறம் தங்கம், மறுபுறம் தாள்; ஏராளமாகச் சேரும்போது கண்ணுக்குச் சிவப்புக் கோடு தெரிகிறது. அதற்கு அப்பால் உள்ள ‘சி’ கோடு தங்கத் துகளையே பிடிக்கும். அது தோன்றவில்லை என்றால் திரவம் ஒழுங்காக ஓடவில்லை, அல்லது பட்டை பழுது. அந்தச் சோதனையையே தூக்கி எறிய வேண்டும்.

பட்டை பழுதாவதற்கு நம் வெயிலே போதும். பெரும்பாலான பெட்டிகளை 30 பாகைக்கு மேல் வைக்கக் கூடாது. சோளகக் காலத்து மத்தியானத்தில் தகரக் கூரையின் கீழ், மின்சாரம் நின்ற கடையில், வெப்பம் எவ்வளவு ஏறும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். குறித்த நேரம் கடந்து வாசித்தாலும் தவறு வரும். அரை மணித்தியாலம் கழித்துத் தோன்றும் மங்கல் கோட்டை நம்பக் கூடாது.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் நம் இரத்தத்திலேயே இருக்கிறது. டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒன்று வந்து போனால் அந்த வகைக்கு மட்டும் நீண்ட காலப் பாதுகாப்பு; மற்ற மூன்றும் வரலாம். இரண்டாம் முறை வரும்போதுதான் ஆபத்தும் கூடுதல். முன்பு ஒருமுறை தொற்றிய உடம்பில் பழைய பிறபொருளெதிரிகள் ஆயத்தமாக இருக்கும். அவை என்எஸ்1ஐச் சுற்றி மூடிக்கொள்கின்றன. பட்டையில் உள்ள தங்கத் துகளுக்குப் பிடிக்க இடமில்லை. முதல் தொற்றில் நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு மேல் பிடிபடும் சோதனை, இரண்டாம் தொற்றில் அறுபது முதல் எண்பது பேரை மட்டுமே பிடிக்கிறது. ஆக, எவருக்கு நோய் கடுமையாகக்கூடுமோ அவரிடம்தான் பட்டை ‘இல்லை’ என்று சொல்லும் வாய்ப்பும் அதிகம். டெங்கு பல பத்தாண்டுகளாக வேரூன்றிய இந்த நாட்டில், பெரியவர் ஒருவரின் நெகட்டிவ் ரிப்போட்டைக் கையில் வைத்துக்கொண்டு ‘டெங்கு இல்லையாம்’ என்று வீட்டுக்குத் திரும்புவது எவ்வளவு ஆபத்தானது என்று ஒவ்வொரு லேப்பின் சுவரிலும் எழுதி ஒட்ட வேண்டும்.

இதனால்தான் அனுபவமுள்ள வைத்தியர் ரிப்போட்டைப் பார்க்குமுன் கேட்பது, “காய்ச்சல் தொடங்கி இண்டைக்கு எத்தனையாவது நாள், எத்தனை மணிக்குத் தொடங்கினது?” என்ற கேள்வி. முதல் மூன்று நாளில் என்எஸ்1. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஐஜிஎம். இடைப்பட்ட நாட்களில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் சந்தேகம் மிஞ்சும். இரத்தம் அனுப்பும் படிவத்தில் காய்ச்சலின் நாளை எழுதாமல் விடுவது, ஆய்வுகூடத்தின் பாதி வேலையை வீணாக்குவது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாசிட்டிவ் என்று வந்தாலும் அந்தக் கோடு நாளைக்கு என்ன நடக்கும் என்று சொல்லாது. அதைச் சொல்வது எப்.பி.சி. என்று நாம் அழைக்கும் சாதாரண முழுக் குருதிப் பரிசோதனை. மூன்றாம் நாளில் இருந்து அதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். குருதிச் சிறுதட்டு ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்குகிறதா, செங்கலங்களின் கனவளவு வீதம் ஏறுகிறதா என்று பார்க்கிறார்கள். அந்த வீதம் ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தால் நீர் கசிகிறது என்று பொருள். அந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். அதற்குள் ஏற்றும் திரவம் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. சனங்கள் சிறுதட்டு எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு பப்பாசி இலைக்கு அலைகிறார்கள். வைத்தியரின் கண் மற்றைய எண்ணிலும் இருக்கிறது.

2009இல் இலங்கையில் சுமார் 35,000 பேருக்கு டெங்கு, இறந்தவர்கள் 346. நூற்றுக்கு ஒருவர். 2017இல் நோயாளர் எண்ணிக்கை 1,86,000ஐத் தாண்டியது, ஐந்து மடங்குக்கும் மேல். மரண வீதமோ நூற்றுக்குக் கால் பங்கு அளவுக்கு இறங்கியிருந்தது. பட்டைச் சோதனை பரவியதற்கு இதில் பங்கு உண்டு. அதைவிடப் பெரிய பங்கு, இரவு பகலாக மணித்தியாலக் கணக்கில் எண்களைக் குறித்துத் திரவத்தை அளந்து ஏற்றிய தாதியருக்கும் வைத்தியருக்கும் உரியது என்று நான் கருதுகிறேன்.

எல்லாக் காய்ச்சலும் வைரஸால் வருவதும் அல்ல. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் சிலர் காய்ச்சலோடு மூச்சுத் திணறி இறந்தபோது மர்மக் காய்ச்சல் என்று செய்தி பரவியது. சோதித்தபோது அது எலிக்காய்ச்சல். பக்டீரியாவால் வருவது, நேரத்துக்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தால் குணமாவது. பெரும்போக வயலுக்குள் இறங்கும் சம்மாந்துறை, நிந்தவூர் விவசாயிக்கும் டெங்குவும் எலிக்காய்ச்சலும் ஒரே மாரியில்தான் வருகின்றன. டெங்குப் பட்டை நெகட்டிவ் என்றால் அடுத்த கேள்வி உடனே கேட்கப்பட வேண்டும்.

வைரஸின் மரபுப்பொருளையே தேடும் பி.சி.ஆர். இவை எல்லாவற்றிலும் நுட்பமானது. 1983இல் கெரி முல்லிஸ் கண்ட வழி: மரபிழையைச் சூடாக்கிப் பிரித்து, குளிர்த்து, ஒவ்வொரு இழையையும் படியெடுக்க வைப்பது. ஒரு சுற்றுக்கு இரண்டு மடங்கு. முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடிக்கு மேல். டெங்குவும் சிக்குன்குன்யாவும் கொரோனாவும் ஆர்.என்.ஏ. வைரஸ்கள் என்பதால் முதலில் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாக மாற்ற வேண்டும். அதைச் செய்யும் நொதியத்தை 1970இல் ஹவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே கண்டுபிடித்திருந்தார்கள். கொதிநிலைக்குக் கிட்டிய சூட்டிலும் கெடாமல் படியெடுக்கும் நொதியம், அமெரிக்காவின் யெலோஸ்டோன் வெந்நீரூற்றில் வாழும் பக்டீரியா ஒன்றில் இருந்து கிடைத்தது.

2020வரை பி.சி.ஆர். என்ற பெயரை நம் ஊரில் கேட்டவர்கள் சிலர். அந்த வருடம் அது சந்தைப் பேச்சானது. நவம்பர் கடைசியில் அக்கரைப்பற்றில் கொவிட் கொத்தாகப் பரவி, நகரமும் சுற்றுப் பகுதிகளும் தனிமைப்படுத்தப்பட்டன. மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரிகளுக்கான பதிலுக்குக் குடும்பங்கள் காத்திருந்தன. அதே காலத்தில்தான் அன்டிஜன் பட்டைகளும் இலங்கைக்கு வந்தன. உள்ளே அதே தங்கம், அதே தாள், பிடிக்கும் புரதம் மட்டும் வேறு.

அந்த மாதங்களில் ஒரு சோதனையின் முடிவு இந்தக் கரையோர முஸ்லிம் மக்களுக்கு மருத்துவத் தகவல் மட்டுமாக இருக்கவில்லை. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி, கொவிட்டால் இறந்தவர் எவராயினும் எரிக்கப்பட வேண்டும் என்றது. அடக்கம் செய்யலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானவை என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே கூறியிருந்தது. ஆகவே மையித்தில் எடுத்த மாதிரி பாசிட்டிவ் என்றால் குளிப்பாட்டலும் இல்லை, கபனும் இல்லை, கபுறும் இல்லை. வைத்தியசாலைக்குப் போகவே பயந்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பயமே நோயைப் பிந்திக் கண்டறியச் செய்தது. பி.சி.ஆர். எவ்வளவு நுட்பமானது என்றால், தொற்றி வாரங்கள் கழிந்த பிறகும், பரவக்கூடிய வைரஸ் ஒன்றும் மிஞ்சாத நிலையிலும், உடைந்த ஆர்.என்.ஏ. துண்டுகளைப் பிடித்துப் பாசிட்டிவ் என்று காட்டும். அடக்கம் செய்தால் நிலத்தடி நீருக்குத் தீங்கு வரும் என்று எரிப்புக்குச் சொன்ன வாதத்துக்கு அறிவியல் ஆதாரம் இருக்கவில்லை. வைரஸ் பெருக உயிருள்ள கலம் வேண்டும் என்பது சாதாரணதரப் பாடம். 2021 பெப்ரவரி 25இல்தான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. மார்ச் 5இல் ஓட்டமாவடி, மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. ஆய்வுகூடம் பிழை விடவில்லை. அதன் விடையை, அது பதில் சொல்லாத ஒரு கேள்விக்குப் பதிலாக எடுத்தவர்கள் பிழை விட்டார்கள். ஒரு பரிசோதனையைப் பற்றிய அறிவு மக்களிடம் இருந்தால், அப்படி ஒரு முடிவை நாட்டில் யாரும் அறிவியலின் பெயரால் அவ்வளவு எளிதாக நிலைநிறுத்தியிருக்க முடியாது என்று நான் நம்புகிறேன்.

தொற்றுக் காலம் விட்டுச்சென்ற நன்மையும் உண்டு. பி.சி.ஆர். மட்டக்களப்பு வரை வந்தது. காசநோய்க்காகப் பரவிய ஜீன்எக்ஸ்பெர்ட் போன்ற பெட்டிகள், மாதிரியைக் கார்ட்ரிட்ஜில் ஊற்றிப் பூட்டினால் ஒரு மணித்தியாலத்துக்குள் விடை தரும் என்று உலகம் பார்த்தது. ஜப்பானியர் 2000இல் அறிமுகப்படுத்திய லாம்ப் முறைக்குச் சூட்டை ஏற்றி இறக்கும் இயந்திரமே வேண்டாம். 60 முதல் 65 பாகையில் ஒரே சீராக வைத்தால் மரபுப்பொருள் பெருகிவிடும். பெரிய ஆய்வுகூடம் இல்லாத ஒரு பிரதேச வைத்தியசாலைக்கு இவை பொருந்தும்.

பி.சி.ஆரால் மட்டும் எளிதில் சொல்ல முடிவது ஒன்று உண்டு: டெங்குவின் நான்கு வகைகளில் இது எது. 2009இல் இருந்து சில வருடம் முதல் வகையே இங்கு மேலோங்கியிருந்தது. அதற்கே பழகிய இரத்தங்களுக்குள் இரண்டாம் வகை புகுந்தபோதுதான் 2017 வந்தது; அவ்வருடத் தொடக்கத்தில் முதலில் துடித்த ஊர்களில் ஒன்று கிண்ணியா. 2023இல் மூன்றாம் வகை மறுபடி தலைகாட்டியது. வகை மாறுவதை முன்கூட்டிக் கண்டால், கட்டில்களையும் தாதியரையும் திரவங்களையும் அலை வருமுன் ஆயத்தம் செய்யலாம். இலங்கையில் 25 மாவட்டங்கள், ஆனால் சுகாதாரப் பிராந்தியங்கள் 26. கூடுதலான அந்த ஒன்று கல்முனை. தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையில் அதற்குத் தனி வரிசை இருக்கிறது. கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையில் இருந்தும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையில் இருந்தும் வாரத்துக்குச் சில மாதிரிகளை, காய்ச்சலின் மூன்றாம் நாளுக்குள் எடுத்து, கிழக்கிலேயே சோதித்து, நோயாளர் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வைரஸின் வகையையும் அந்த வரிசையில் எழுத வேண்டும். அதற்குக் கருவியும் முறையும் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. வேண்டியது ஒரு ஆய்வுகூட அறை, தடையில்லாத மின்சாரம், பயிற்சி பெற்ற இரண்டு மூன்று மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்கள். அவர்களுக்கு மாரி தொடங்குமுன் வந்து சேரும் வேதிப்பொருட்கள்.